பர்தன் என்றால் சுமை அல்ல

கம்பெனிக் காலத்துக் கடல் வணிகத்தைப் பற்றித் தமிழில் வெளிவரும் வட்டார வரலாறுகளில், இன்ன ஆண்டில் இத்தனை டன் சுமையுடன் இன்ன கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது என்ற பாணி வாக்கியங்களைப் படித்துப் படித்து எங்களுக்குச் சலித்துவிட்டது. மூல ஆவணத்தில் இருப்பது 'டன்ஸ் பர்தன்'. இன்றைய ஆங்கிலத்தின் 'பர்டன்' என்ற சொல்லுக்குப் பழைய வடிவம் பர்தன். அகராதியில் 'சுமை' என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரும் சுமையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

கப்பலின் பர்தன் என்பது அது சுமந்து வந்ததன்று, சுமக்க வல்லது. முந்நூறு டன் பர்தன் கொண்ட கப்பல், வயிறு காலியாக வந்து நின்றாலும் முந்நூறு டன் பர்தன் கப்பலே. போதாக்குறைக்கு, அந்த டன் தராசில் நிறுத்ததும் அன்று. டன் என்ற பெயரே மதுப் பீப்பாயிலிருந்து வந்தது. கப்பலின் நீளத்திலிருந்து அகலத்தின் ஐந்தில் மூன்று பங்கைக் கழித்து, மீதியை அகலத்தாலும் அரை அகலத்தாலும் பெருக்கி, 94ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் அந்த எண். ஆழத்தை அளப்பதே இல்லை. அகலத்தில் பாதி என்று வைத்துக்கொண்டார்கள். 1854ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் இந்தக் கணக்கைக் கைவிட்டு, நூறு கன அடி கொள்ளளவை ஒரு டன் ஆக்கியது. அப்போதும் அது எடை ஆகிவிடவில்லை.

தூத்துக்குடியைப் பொறுத்தவரை இது வெறும் சொற்சண்டை அன்று. 1974இல் புதிய துறைமுகம் திறக்கப்படும்வரை, கரையோரம் ஆழம் போதாமல் பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கைத் தோணிகள்தாம் ஏற்றி இறக்கின. கப்பல் கொள்வது ஒன்று, கரையேறியது வேறொன்று. பர்தன்களையெல்லாம் கூட்டி, இதோ எங்கள் ஊரின் பழைய வணிகத்தின் பேரளவு என்று மார்தட்டுகிறவர்கள், வராத சரக்குக்கு வரலாறு எழுதுகிறார்கள். முத்துக்குளிப்புப் படகுகளுக்கும் இதே கதி நேர்கிறது. படகின் பர்தனைச் சிப்பியின் எடையாகப் படிப்பவருக்கு, சிப்பியை எண்ணிக்கையில் கணக்கிட்டு ஆயிரம் ஆயிரமாகவே ஏலம் விட்டார்கள் என்பது நினைவுக்கு வருவதில்லை.

இத்தனைக்கும் சரியான வழக்கு கண்ணெதிரே இருக்கிறது. இருநூறு டன் தோணி என்று துறையில் ஒருவர் சொன்னால், அதில் இப்போது இருநூறு டன் இருக்கிறது என்று யாரும் பொருள் கொள்வதில்லை. தோணிக்காரருக்குத் தெரிந்த தமிழ் வரலாற்றாசிரியருக்கு ஏன் தெரியவில்லை?

இலக்கியவாதிகளும் மேன்மையாக இல்லை. பாட்டின் மீள்வரிக்கும் ஆங்கிலத்தில் பர்தன் என்று பெயருண்டு. சுருதியாய் நின்றொலிப்பதைக் குறிக்கும் 'பூர்தோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லோடு அது கலந்துபோயிற்று. ஷேக்ஸ்பியரின் 'டெம்பெஸ்ட்' நாடகத்தில், கடலில் மூழ்கியவனின் கண்கள் முத்தாகிவிட்டதாகச் சொல்லும் பாட்டு ஒன்று வருகிறது. 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனிடையே 'பர்தன்' என்ற குறிப்பு உள்ளது. பின்னிருந்து பலர் சேர்ந்து பாட வேண்டிய இடம் என்பதே அதன் பொருள். நம் கடற்கரையின் அம்பாப் பாட்டில் கூட்டமாக எழும் ஏலேலோதான் அது. அதைச் சுமை என்று பெயர்ப்பவரை என்ன சொல்ல?

சுமை என்றே பொருள்படும் இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. வேர்ட்ஸ்வொர்த் 1798இல் டின்டர்ன் மடத்தை முன்னிட்டு எழுதிய கவிதையில் வருவது அப்படிப்பட்ட பர்தன். அங்கே சுமை போதாது. பாரம் ஓரளவு பொருந்தும். வடமொழி பாரமும் ஆங்கில பர்தனும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது கூடுதல் சுவை. ஆனால் எங்கள் தெரிவு 'பொறை'. வள்ளுவர் கண்ணோட்டம் இல்லாதவரை நிலத்துக்குப் பொறை என்கிறபோது அது பாரம். பொறையுடைமை அதிகாரத்தில் அதுவே பொறுத்தல். சுமப்பதும் பொறுப்பதும் ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்குக்கூட அந்த வசதி இல்லை.

பொறை வழக்கிழந்த சொல்லாயிற்றே என்பார்கள். பர்தன் மட்டும் என்ன, லண்டன் தெருக்களில் இன்றும் புழங்குகிறதா?