தேன்சிட்டுக்கு சர்க்கரைத் தண்ணி வைக்கலாமா?

சிவகாசிக்காரன் குருவியைப் பத்தி எழுதுறான்னதும் சிரிக்கிறது கேக்குது மக்களே. சிரிங்க. எங்க ஊர்ல குருவின்னா முதல்ல ஞாபகத்துக்கு வர்றதே குருவி வெடிதான் :-)

எங்க ஊர் காலண்டர் கொஞ்சம் தலைகீழ். உங்களுக்கெல்லாம் தீபாவளி கொண்டாட்டம்னா எங்களுக்கு அது வேலை முடியுற நாள். தீபாவளி முடிஞ்சதும் ஆலைங்க கொஞ்ச நாளைக்கு மூடிக் கிடக்கும். மழையும் அப்பத்தான் பெய்யும். வருஷம் பூரா புழுதி பறக்குற கரிசல் பூமி அந்த ரெண்டு மாசம் மட்டும் பச்சையாத் தெரியும். மார்கழியில ராத்திரி 20 டிகிரிக்கு வந்தாலே மங்கி குல்லா, மப்ளர்னு ஊரே காஷ்மீர் ஆயிடும். காலையில காபியோட பின்வாசப்படியில உக்காந்து தேன்சிட்டு பாக்குறதுக்கு இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

அந்த நேரத்துலதான் போன டிசம்பர்ல சியாட்டில்ல இருக்குற மச்சான் லீவுக்கு வந்தான். வரும்போது சிகப்பு கலர்ல ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அடியில பூ மாதிரி ஓட்டைங்க. "மாமா, இதுல சர்க்கரைத் தண்ணி ஊத்தித் தொங்கவிடுங்க, கூட்டம் கூட்டமா வரும் பாருங்க"ன்னான். போன்ல வீடியோவும் காமிச்சான். வெளிய பனி கொட்டுது. கட்டைவிரல் சைஸ்ல ஒரு ரீங்காரச் சிட்டு (அதாங்க, ஹம்மிங்பேர்டு) அந்தரத்துல நின்னுக்கிட்டே குடிக்குது. ராத்திரியில தண்ணி உறைஞ்சிடக் கூடாதுன்னு பாட்டிலுக்குப் பக்கத்துல பல்பு வேற கட்டியிருக்கான் பய.

அங்க அது நியாயமான வேலைதான், குத்தம் சொல்ல மாட்டேன். அன்னா ரீங்காரச் சிட்டுன்னு ஒரு வகை. எடை 4 கிராம் சுமார்தான். குளிருக்குப் பயந்து தெற்கே போகாம அங்கயே தங்கிடும். ராத்திரி உடம்புச் சூட்டைக் குறைச்சுக்கிட்டு மரக்கட்டை மாதிரி கிடந்து, விடிஞ்சதும் திரும்ப முழிச்சுக்கும். ஒரு காலத்துல கலிபோர்னியா பக்கம் மட்டும் இருந்தது, போன நூறு வருஷத்துல வடக்கே கனடா வரைக்கும் பரவினதுக்கு வீட்டுத் தோட்டங்களும் இந்த பாட்டில்களும் ஒரு காரணம்ங்கிறாங்க. பனி மூடின ஊர்ல, பூவே இல்லாத நேரத்துல, அந்தத் தண்ணி அதுக்குப் பெரிய உதவி.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். முதல்ல ஒண்ணு: ரீங்காரச் சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கயும் கிடையாது. நம்ம வீட்டுக்கு வர்றது தேன்சிட்டு. ரெண்டுக்கும் சொந்தபந்தம் ஒண்ணும் இல்லை, செய்யுற தொழில் மட்டும்தான் ஒண்ணு. தேன்சிட்டு அந்தரத்துல நின்னு குடிக்கிறது எப்பவாவதுதான். பெரும்பாலும் காம்புல உக்காந்து, தலைகீழாத் தொங்கிக் குடிக்கும். செம்பருத்தி மாதிரி பெரிய பூவா இருந்தா நேரா உள்ள போகாம, பூவோட அடியில ஓட்டை போட்டு தேனைத் திருடிட்டுப் போயிடும்.

எங்க தெருவுல ரெண்டு வகை பாத்திருக்கேன். ஒண்ணு ஊதாப்பிட்டு தேன்சிட்டு. ஆணுக்கு முதுகு செம்பழுப்பு, வயிறு மஞ்சள். இன்னொண்ணு ஊதாத் தேன்சிட்டு. தூரத்துல கருப்பாத் தெரியும், வெயில் பட்டா மயில் கழுத்து. இந்த ஆணோட கூத்து என்னன்னா, இனப்பெருக்கக் காலம் முடிஞ்சதும் பளபளப்பெல்லாம் போயி பொண்ணு மாதிரியே ஆயிடும், தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் ஒரு கருப்புக் கோடு மட்டும் மிச்சம் இருக்கும். கல்யாணம் ஆன ரங்கமணிகளுக்குப் புரியும் :-)

சரி, பாட்டில் மேட்டர். மச்சான் சொன்ன கணக்குப்படி ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணி. கலர் போடக் கூடாது, தேன் கலக்கக் கூடாது. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். துணி காயப்போடுற கம்பியில தொங்கவிட்டாச்சு. முதல் நாள் வந்தது சித்தெறும்பு. ரெண்டாம் நாளும் சித்தெறும்பு, சொந்தக்காரங்களோட. மூணாம் நாள் ஒரு பெண் ஊதாப்பிட்டு வந்து உக்காந்து, அலகை விட்டுப் பாத்துச்சு. தங்கமணியை, புள்ளையை எல்லாம் கூப்பிட்டுக் காமிச்சேன். அப்புறம் தினமும் வந்துச்சு. எனக்குப் பெருமை தாங்கல.

ஒரு வாரம் கழிச்சு மதுரையில ஒரு கல்யாணம். மூணு நாள் வீடு பூட்டிக் கிடந்துச்சு. வந்து பாத்தா தண்ணி கலங்கி, ஓட்டை ஓரமெல்லாம் கருப்பாப் பூசணம் பிடிச்சு, மூடியைத் திறந்தா கள்ளு வாடை. நம்ம ஊர்ல குளிர்காலத்துலயே பகல்ல 30 டிகிரி இருக்கும், சர்க்கரைத் தண்ணி புளிக்கிறதுக்குக் கேக்கணுமா? அந்தக் குருவி அதையும் வந்து குடிச்சிட்டுதான இருந்திருக்கும்? நான் கழுவிக் கவுத்து வச்ச பிறகு ரெண்டு நாள் அதே கம்பியில வந்து உக்காந்து தேடிட்டுப் போச்சு. அப்புறம் வரல.

அம்மா பாத்துக்கிட்டே இருந்துட்டு சொன்னாங்க: "செம்பருத்தியை நீதான வெட்டுன. இப்ப புட்டிப்பால் ஊட்டுறியாக்கும்?"

சுருக்குன்னு குத்திச்சு. ஏன்னா உண்மை. கார் வாங்கினப்ப, நிறுத்த இடம் வேணும்னு கொல்லையில இருந்த செம்பருத்தி, முருங்கை ரெண்டையும் தூக்கிட்டு சிமெண்ட் தளம் போட்டது நான்தான். முருங்கை பூத்துச்சுன்னா காலையில தேன்சிட்டு சத்தத்துலதான் வீடே முழிக்கும். அதை அழிச்சிட்டு, நாலு வருஷம் கழிச்சு பிளாஸ்டிக் பூவைத் தொங்கவிட்டு, "ஆஹா, பறவைக்கு உதவுறேன்"னு போட்டோ எடுத்துக்கிட்டிருந்திருக்கேன்.

அதனால என் கட்சி இதுதான். நம்ம ஊர் தேன்சிட்டுக்கு குளிர்காலத்துல பாட்டில் தேவையே இல்லை. மழை முடிஞ்ச நேரம், பூவும் பூச்சியும் இருக்குற நேரம் அது. கஷ்டம் சித்திரை வெயில்லதான். அதோட, அது தேன் மட்டும் குடிச்சு வாழுற ஜீவன் கிடையாது. பூச்சியும் சிலந்தியும் பிடிக்கும், குஞ்சுக்கு ஊட்டுறதே பெரும்பாலும் அதைத்தான். சர்க்கரைத் தண்ணியில குஞ்சு வளராது. கூடு கட்டவும் சிலந்தி வலை வேணும். நாரு, சருகு எல்லாத்தையும் வலையால ஒட்டித்தான் அந்தத் தொங்குற பையைச் செய்யுது. போகிக்கு வீட்டை சுத்தம் பண்றேன்னு மூலை மூலையா ஒட்டடை அடிக்கிறோமே, தாழ்வாரத்துல ஒரு மூலையை மட்டும் விட்டுவைங்க. தங்கமணிகிட்ட திட்டு வாங்கினா நான் பொறுப்பில்லை.

வேப்ப மரத்துல, மாமரத்துல புல்லுருவி இருந்தா மொத்தத்தையும் வெட்டித் தள்ளாதீங்க. மரத்துக்குக் கெடுதல்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட நீண்ட குழல் பூவுக்கு மகரந்தம் சேக்குறது தேன்சிட்டு, பழத்தைத் தின்னு விதையைப் பரப்புறது பூக்கொத்தி. அந்த ஒரு கிளையை நம்பி ரெண்டு குடும்பம் பிழைக்குது.

"இவ்வளவு பேசுறியே, உங்க ஊர் வெடியால சாகுற பறவைக்கு என்ன சொல்றே?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். எங்க வீட்டுல ரெண்டு தலைமுறை பட்டாசுச் சோறு தின்னிருக்கோம், அதனால மழுப்பாம சொல்றேன். வெடிச் சத்தத்துல பறவைங்க மிரளுறது நிஜம். நெதர்லாந்துல புத்தாண்டு ராத்திரி வெடி போட்டதும் பறவைங்க கூட்டங்கூட்டமாக் கிளம்பினது வானிலை ரேடார்லயே பதிவாகி, 2011ல ஆய்வா வந்துச்சு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டிக்காரங்க, வலசை வர்ற பறவைக்காக பல வருஷமா தீபாவளிக்கு வெடியே போடுறதில்லை. எங்க பிழைப்புக்கு எதிரானதுதான். ஆனாலும் அந்த ஊரு புள்ளைங்களை நினைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. 2018ல உச்ச நீதிமன்றம் ராத்திரி 8ல இருந்து 10 வரைன்னு நேரம் வச்சப்ப எங்க தெருவே கொதிச்சுது, நானும்தான். இப்ப யோசிச்சா, வெடிக்கு ரெண்டு மணி நேரம்னு எல்லை வச்சா ஊரே சண்டைக்குப் போறோம், சிமெண்ட் தளத்துக்கு எல்லை வைக்க ஒருத்தரும் வாய் திறக்கல. வெடி ஒரு ராத்திரி. தளம் 365 நாளும் இருக்கு.

அமெரிக்கால இருக்குற நண்பர்கள் கோவிச்சுக்க வேணாம், உங்க பனிக்கு பாட்டில் வைங்க, தினம் கழுவுங்க. இங்க இருக்குறவங்க செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, முருங்கைன்னு ஏதாவது ஒண்ணு நடுங்க. தொட்டியில வச்சாலும் போதும். மருந்து அடிக்காதீங்க. கோடையில ஒரு மண்சட்டியில தண்ணி வைங்க.

தை பிறந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு கொல்லையில நாலுக்கு நாலு அடி தளத்தைப் பேத்தாச்சு. "போட்ட காசையே இன்னும் மறக்கல, பேக்க வேற காசா?"ன்னு தங்கமணி ரெண்டு நாள் பேசல. எதிர்வீட்டு மதினி செம்பருத்திக் கொம்பு ஒடிச்சுக் குடுத்தாங்க. இப்ப இடுப்பு உயரம். நேத்து ரெண்டு மொட்டு பாத்தேன். பாட்டிலைக் கழுவித் துடைச்சு அம்மா விளக்கெண்ணெய் ஊத்தி வச்சிருக்காங்க. மச்சான்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க.