மறதிக்கும் ஒரு கர்த்தா உண்டு

மாயக் கதைகளில் மந்திர வித்தை அழிவதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒப்பாரிதான் வைக்கிறார்கள்: பொற்காலம் போயிற்று, காலம் தின்றுவிட்டது. டோல்கீன் இதற்கு இடம் கொடுத்தவர். 1954-55இல் வெளிவந்த அவருடைய பெரிய கதையில் மோதிரம் அழிந்ததும் எல்ஃபுகள் கடல் கடந்து போகிறார்கள். அவர்களோடு வித்தையும் போகிறது. சோகம் உண்டு. விசாரணை இல்லை.

விசாரித்தவர் அர்சுலா லெ குவின். அவருடைய எர்த்ஸீ தீவுகளில் மந்திரம் என்பது பொருள்களின் உண்மைப் பெயரை அறிவது. 1972இல் வந்த மூன்றாவது நாவலில் மந்திரவாதிகளுக்குச் சொற்கள் மறந்துபோகின்றன. மூப்பினால் அல்ல; சாகாவரம் தருவதாகச் சொன்ன ஒருவனிடம் தங்கள் பெயரையே ஒப்படைத்துவிட்டதால்.

1990இல் 'தெஹானு'விலிருந்து அவர் தன் உலகத்தையே திருத்தத் தொடங்கினார். 1968இல் வந்த முதல் நாவலில் பெண்களின் மந்திரம் இளப்பமானது. ரோக் தீவுப் பள்ளியில் அவர்களுக்கு இடமில்லை. 2001இல் வந்த கதைத் தொகுதியிலோ, அந்தப் பள்ளியை நிறுவியவர்களிலேயே பெண்கள் இருக்கிறார்கள். பின்னால் கதவு சாத்தப்பட்டது. சாத்திய செய்தியும் மறைந்தது.

'பிரசாரம் புகுந்து மாயத்தைக் கெடுத்துவிட்டது' என்கிறவர்களை ஒன்று கேட்கலாம். பள்ளிக்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வரலாற்றைத்தானே இத்தனை நாளும் மாயம் என்று ரசித்தீர்கள்? அறிவு தானாக ஆவியாவதில்லை. யாரோ பூட்டுகிறார்கள். பூட்டிய கையே பிறகு 'தொலைந்துபோயிற்று' என்று ஏட்டில் எழுதிவைக்கிறது. அந்தக் கையெழுத்தை அடையாளம் காணாத விமர்சனம் ஒப்பாரிக்குக் கூலி வாங்குகிற விமர்சனம்.