தாயக்கட்டையும் வகுப்பறைக் கணிதமும்

தாராவியில் பெற்றோரின் சிறுதொழிலுக்குத் துணைநிற்கும் பிள்ளைகள் பலர், கூலியையும் சில்லறையையும் மனக்கணக்காகவே சொல்லிவிடுவர். அவர்களே பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வென்றால் அஞ்சுகின்றனர். கைப்பழக்கத்தில் உள்ள கணக்கைக் கரும்பலகைக் கணக்கோடு இணைக்க நாம் தவறியதே இதற்குக் காரணம். அவ்விணைப்புக்கு விளையாட்டு நல்ல வழி.

நாமறிந்த தாயத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டைகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் வெறுமை. மற்ற மூன்றில் முறையே 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அவற்றுள் தாயம் இரண்டு விதமாகவே அமையும். மூன்றோ நான்கு விதமாக அமையும். எனவே தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. மாணவர் முதலில் நூறு முறை உருட்டிக் குறித்துக்கொண்டு, பின்னர் அட்டவணையிட்டுக் காரணம் தேடினால், நிகழ்தகவுப் பாடம் மனத்தில் நிலைக்கும்.

வட்டிக் கணக்கையும் இவ்வாறே நடத்தலாம். இரண்டு அணிகளுக்கும் ஆளுக்கு ரூ.1,000 முதல்; வட்டி 8 விழுக்காடு; ஒரு சுற்று ஓராண்டு. ஒன்பதாம் சுற்றின் முடிவில் தனிவட்டி அணியிடம் ரூ.1,720 இருக்கும், கூட்டுவட்டி அணியிடம் ஏறத்தாழ ரூ.1,999 இருக்கும். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று மாணவர்களே வினவுவர். சேமிப்பின் அருமையும் உடன் விளங்கும்.

இவ்வழி நமக்குப் புதிதன்று. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி.கே. சீனிவாசன், செய்து கற்கும் முறையை வாழ்நாளெல்லாம் வலியுறுத்தியவர். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமைய வழிசெய்தார். இங்கு மும்பையில், செம்பூரை அடுத்த மான்குர்த்தில், கணித, அறிவியல் கல்வியை ஆராயும் ஹோமி பாபா மையம் உள்ளது.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை என்று ஆசிரியர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. எல்லாப் பாடத்தையும் விளையாட்டாக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு வகுப்பு போதும். ஆனால் ஆட்டம் முடிந்ததும் 'ஏன் இவ்வாறு நிகழ்ந்தது?' என்பதை மாணவர் தம் சொற்களில் எழுதவேண்டும். அது இல்லையேல் எஞ்சுவது பொழுதுபோக்கே.

தனிப்பயிற்சிக் கட்டணம் செலுத்த மாட்டுங்காவில் பல குடும்பங்களால் இயலும். தாராவியில் பல குடும்பங்களால் இயலாது. தாயக்கட்டையோ இரு சாராருக்கும் எட்டும் பொருள். பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண்ணோடு, பிள்ளைகள் கணிதத்தை எப்படிக் கற்கின்றனர் என்பதையும் கேட்டறிவோம்.