பியர் பருகப் பிறநாடு போவது தகுமா?

நம் கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர் இன்று இலண்டன் மாநகரில் வாழ்கின்றார். மணம் முடித்து இருபதாண்டு நிறைவதை முன்னிட்டு, மனைவியாரோடு நான்கு நாள் பெல்ஜியம் சென்று அந்நாட்டுப் பியர் வகைகளைச் சுவைத்துவர எண்ணியுள்ளதாகச் சென்ற மாதம் எனக்கு எழுதினார். செய்தி எவ்வாறோ மாங்குளத்தில் இருக்கும் அவர் தாயாரின் செவிக்கும் எட்டிவிட்டது. "தம்பி, குடிக்கிறதுக்கெண்டே பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வேறை நாட்டுக்குப் போறானாம். நீ வாத்தியார்தானே, ஒரு சொல்லுச் சொல்லு" என்று அம்மூதாட்டியார் எம் வீட்டு விறாந்தையில் வந்தமர்ந்து கண்கலங்கினார்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பிப்பவன் யான். ஆதலின் அத்தாயார் பக்கம் நின்று நண்பருக்கு ஓர் இடித்துரை எழுதுவதே எனக்கு எளிதாகும். எழுதவும் தொடங்கினேன். எழுத எழுதக் கருத்து மாறிற்று. மாறிய கருத்தைப் பழைய மாணவரும் இளைய மாணவரும் ஆசிரியப் பெருமக்களும் ஒருங்கே படிக்கும் இம்மலரில் வெளியிடுவது சற்றே துணிச்சலான செயல். பெரியோர் பொறுத்தருள்க.

அத்தாயார் அஞ்சும் குடி எத்தகையது என்பதை யான் நன்கறிவேன். எம் வகுப்பிலே மாணவன் ஒருவன் வாரந்தோறும் திங்கட்கிழமை கண் சிவந்து வருவான். வீட்டுவேலை செய்திருக்க மாட்டான். முதலிரு வாரங்கள் கடிந்துகொண்டேன். பின்னரே உண்மை தெரிந்தது. ஞாயிறு இரவுகளில் கசிப்பு அருந்திவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடக்கும் தந்தையைத் தேடித் தூக்கி வருபவன் அவனே. அவன் தாய்க்கு அக்குடியிலே எவ்வகைப் பங்கும் இல்லை. எவ்வளவு பணம் செலவாகின்றது, எங்கே, எவரோடு என்பன ஒன்றும் அவர் அறியார். விளைவை மட்டுமே அவர் சுமக்கின்றார். வன்னியிலே யான் கண்ட குடிகேடு பெரும்பாலும் இத்தகையது. ஆடவர் மறைவிலே குடிப்பர். பெண்டிர் வெளிச்சத்திலே அழுவர்.

சட்டமும் இவ்வழக்கத்துக்கு ஒத்தே நின்றது. 1979 ஆம் ஆண்டிலே நம் நாட்டில் பெண்களுக்கு மதுபானம் விற்றலாகாது என விதிக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டு தை மாதத்திலே நிதியமைச்சர் மங்கள சமரவீர அத்தடையை நீக்கினார். சில நாட்களுக்குள்ளேயே சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறச் செய்தார். பெண்கள் குடிக்கவேண்டும் என்று யான் வாதாடவில்லை. என் இல்லாளே தேநீருக்கு மேல் எதனையும் விரும்பார். ஆனால் வாங்கவும் பேசவும் உரிமையில்லாத ஒருத்தி, கணவன் குடிக்கும் அளவைப் பற்றி எவ்வாறு வாய்திறப்பாள்?

இனி நண்பரின் திட்டத்தைப் பாருங்கள். இடித்துரைக்கு ஆதாரமாகட்டும் என்று அதனை முழுமையாக எழுதியனுப்பும்படி கேட்டேன். கணவனும் மனைவியும் ஒரு மேசையில் அமர்ந்து வகுத்த திட்டம் அது. நான்கு நாளில் இரண்டு நாளின் நிகழ்ச்சிகளை அவரும் இரண்டு நாளினவற்றை மனைவியாரும் தெரிந்துள்ளனர். செலவுக்கு ஓர் எல்லை குறித்துள்ளனர். வாகனம் ஓட்டுவதில்லை, இலண்டனிலிருந்து கடலடிச் சுரங்கத்தூடாகப் புரூசெல்ஸ் செல்லும் புகையிரதத்தில் ஏறினால் இரண்டு மணி நேரமளவில் சேரலாம், அங்கிருந்தும் புகையிரதமே. பெல்ஜியப் பியர்களுட் சில நூற்றுக்குப் பத்து வீதம் மதுசாரம் உடையன. ஆதலின் ஒரு போத்தலை இருவரும் பகிர்வதென்றும், உணவின்றிப் பருகுவதில்லை என்றும் மனைவியார் விதித்துள்ளார். நண்பர் அதன்கீழே ஒப்பமிட்டுள்ளார்! பள்ளியிலே எந்த விதிக்கும் பணியாதவர் அவர் என்பதை நம் வகுப்புத் தோழர்கள் நினைவுகூர்வர்.

முதல்நாள் அவர்கள் காணவிருப்பது புரூசெல்ஸ் நகரில் 1900 ஆம் ஆண்டு முதல் இயங்கும் கன்டில்லோன் என்னும் வடிசாலை. அங்கே ஆக்கப்படும் லாம்பிக் என்ற பியரைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது. வாற்கோதுமை முளைமாவும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய நீரை, ஆழமற்ற அகன்ற திறந்த தொட்டியிலே இரவு முழுவதும் ஆறவிடுவர். மதுவம் எதனையும் கையால் இடுவதில்லை. காற்றில் மிதந்து வருவனவும் பழைய மரப்பீப்பாயில் உறைவனவுமே அதனை நொதிக்கச் செய்கின்றன. குளிர்மாதங்களிலேயே இவ்வேலை நடக்கும். பீப்பாய்களில் ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு கிடந்தவற்றை அளவறிந்து கலப்பதே அங்குள்ள பெரும் வித்தை.

இதனை வாசித்த எந்த வன்னியானுக்கும் பனைமரம் நினைவுக்கு வராதிருக்குமா? பாளையைத் தட்டிச் சீவிக் கட்டிய முட்டியிலே வடியும் இனிய நீருக்கும் எவரும் மதுவம் இடுவதில்லை. முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது கருப்பநீர். தடவாவிடின் சில மணி நேரத்திற் கள். காற்று செய்யும் தொழில் இரண்டிடத்தும் ஒன்றே. ஆனால் பெல்ஜிய நாட்டின் பியர்ப் பண்பாட்டை 2016 ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. நாமோ, விடியலிலும் மாலையிலும் பனையேறிப் பாளை சீவும் மனிதரைப் பிறப்புச் சொல்லித் தாழ்த்தினோம். கோயில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் நிறுத்தினோம். அவர் இறக்கிய கள்ளைத் தவறணையின் பின்புறத்தே நின்று பிளாவில் வாங்கிப் பருகியவர்களுள் அவ்வாயில்களைக் காத்தோரும் இருந்தனர். 'இந்து' என்னும் பெயர் பூண்ட கல்லூரிகளிற் பயின்ற நாம் இதனை நினைத்து நாணவேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது. கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் முயற்சிகளும் வடக்கிலே உண்டு. எனினும் தொழிலுக்கு மதிப்பு வந்துவிட்டதா என்று வினவினால் என்னால் ஆம் எனல் இயலாது.

பழந்தமிழர் இவ்விடயத்தில் நம்மினும் நேர்மையாளர். அதியமான் தன்னிடமிருந்த கள்ளை ஔவையாரோடு பகிர்ந்து பருகியமையைப் புறநானூறு ஒளிக்காமற் சொல்கின்றது. புலவர் பெண்பாலார் என்பதற்காக அவன் அவரை வெளியே நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் அவர்கள் வெஸ்ட்விளேத்தரன் என்னும் சிற்றூரில் உள்ள மடத்துக்குச் செல்கின்றனர். அங்குத் துறவிகளே பியர் வடிக்கின்றனர். மடத்தின் செலவுக்கும் அறப்பணிக்கும் வேண்டிய அளவே ஆக்குவர். கேட்பவர் பல்லாயிரவர் ஆயினும் அளவை மிகுவிப்பதில்லை. மடத்து வாயிலிற் பெறுவதற்கு முன்கூட்டியே பதிந்துவைக்கவேண்டும். துறவியர் மது வடிப்பது நமக்கு ஒவ்வாததே, எனக்கும் ஒவ்வவில்லை. ஆயின் போதும் என்று நிறுத்துவதில் அத்துறவிகளிடம் நம் சாராய முதலாளிகள் பயில வேண்டியது பெரிது.

அம்மடத்துக்கு அண்மையில் உள்ளது ஈப்பர் நகர். முதலாம் உலகப் போரிலே தரைமட்டமான நகர் அது. அங்குள்ள மெனின் வாயிலில், புதைகுழி தெரியாது மறைந்த 54,000 பேருக்கு மேற்பட்ட வீரரின் பெயர்கள், இந்தியத் துருப்பினர் பெயர்கள் உட்பட, பொறிக்கப்பட்டுள்ளன. மாலைதோறும் எட்டு மணிக்கு அவர்களுக்காக ஊதுகொம்பு ஒலிக்கின்றது. இதனைத் திட்டத்திற் சேர்த்தவர் நண்பரின் மனைவியார். அவர் முள்ளியவளையிற் பிறந்தவர். மாங்குளச் சந்தியிலிருந்து இதனை எழுதும் யான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

எங்களையும் உடன் வரும்படி நண்பர் அழைத்தார். ஆளொன்றுக்கு விசாக் கட்டணமே 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத காப்புறுதி வேறு. ஆசிரியச் சம்பளத்துக்கு இது பனை உச்சி. ஆயினும் என் இல்லாள் ஈப்பர் நகரைப் படத்தில் நெடுநேரம் பார்த்திருந்தார்.

மாணவர்களுக்கு ஒன்று. நம் நாட்டிலே இருபத்தொரு வயது நிரம்பாதவர் மதுவை வாங்கலாகாது. இக்கட்டுரையை அச்சட்டத்துக்கு எதிர்ச்சாட்சியாக எவரும் கொண்டுவர வேண்டாம்.

இடித்துரையைக் கிழித்துவிட்டு நண்பருக்குப் போய்வருக என்று எழுதினேன். பின்னர்த் தாயாரிடம் சென்று, மருமகள் விதித்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. முடிவில், "அவள் போட்ட சட்டமெண்டால் அவன் கேப்பான்தான்" என்றார். சிறிது கழிந்து, "அங்கை சோறு கிடைக்குமோ, தம்பி?" என்று வினவினார்.