இல்லத்துக்கு உதவுவன: கன்னத்தில் தோன்றிய கறை

கோடையில் வடநாட்டில் ‘ஆந்தி’ என்னும் புழுதிக் காற்று வீசுவதை நம் சங்கத்து அன்பர்கள் நன்கறிவர். கதவையும் சன்னலையும் இறுகச் சாத்தினும், அடுக்களைப் பாத்திரத்திலும் பாயின் மடிப்பிலும் புழுதி படிந்துவிடும். கைபேசியை மட்டும் அது விட்டுவைக்குமோ?

அத்தகைய காற்று வீசிய மறுநாள், ஊரிலுள்ள நம் அன்னையார் வீடியோ அழைப்பில் பேத்தியைக் கண்டு பதறினார். “குழந்தையின் கன்னத்தில் கரும்படை வந்திருக்கிறதே, என்னிடம் ஏனப்பா மறைத்தாய்?” என்றார். படை ஏதுமில்லை என நாம் கூறியதை அவர் நம்பவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டார். அடுத்த நாள் பேசுகையில் குழந்தை நாற்காலியை விட்டு எழுந்தோடிற்று. கறையோ திரையில் இருந்த இடத்திலேயே நின்றது. குறை கன்னத்தில் இல்லை, காமிராவில்தான் என்பது அப்போது விளங்கிற்று.

பழுது பார்ப்பவர் ஒருவர், காமிராவையே மாற்ற வேண்டும் என்றார். பணம் கொடுக்குமுன் வீட்டிலேயே சில சோதனைகள் செய்து பார்த்தோம். அவை பிறருக்கும் பயன்படும்.

முதலாவதாக, வெண்சுவரைப் படம் எடுத்து, கைபேசியைச் சற்று நகர்த்தி மீண்டும் எடுக்க வேண்டும். கறை இடம் மாறினால் அது சுவரில் உள்ளது; இரு படங்களிலும் ஒரே இடத்தில் நின்றால் கைபேசியில் உள்ளது.

இரண்டாவதாக, அப்படத்தை வேறொரு கைபேசியில் பார்க்க வேண்டும். அங்குக் கறை காணாவிடின், குறை நம் கைபேசியின் திரையினதே.

மூன்றாவதாக, முன்புறக் காமிராவாலும், பின்புறத்து லென்ஸ் ஒவ்வொன்றாலும் தனித்தனியே எடுத்துப் பார்த்தால், எதில் குறையென்று புலப்படும்.

நான்காவதாக, கறையின் தோற்றத்தை நோக்க வேண்டும். படம் முழுவதும் மங்கி, விளக்கைச் சுற்றி ஒளி சிதறினால், வெளிக் கண்ணாடியில் விரலின் எண்ணெய்ப் பசையோ மென்புழுதியோ படிந்திருக்கலாம். தூசி வெளியே இருந்தால் கறை பரந்து மங்கலாகத் தெரியும்; உள்ளே சென்சாரை நெருங்க நெருங்க அது சிறுத்து, விளிம்பு தெளியும்.

ஐந்தாவதாக, லென்ஸை முற்றும் மூடிப் படம் எடுக்க வேண்டும். தூசி ஒளியை மறைப்பதாகையால் இருளில் தோன்றாது. அவ்விருட்டிலும் ஒரே இடத்தில் ஒளிப்புள்ளி மின்னினால், அது சென்சாரின் பழுது; துடைப்பதால் பயனில்லை.

இரவில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெண்வட்டங்கள் மிதப்பதைக் கண்டு ஆவியென அஞ்சுவாரும் உளர். லென்ஸுக்கு அருகே காற்றில் பறக்கும் தூசியில் ஒளி பட்டுத் திரும்புவதே அது. படத்துக்குப் படம் அவை இடம் மாறும், காமிராவுக்குப் பழுதில்லை.

இனிப் பரிகாரம். உறையையும், மேலே ஒட்டிய கண்ணாடியையும் முதலில் அகற்றுக. மென்தூரிகையால் மணலைத் தட்டிவிட்டு, அதன்பின் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல் விழும். ஊசியால் குத்துவதும், அழுத்தக் காற்றைப் பாய்ச்சுவதும் தூசியை உள்ளே தள்ளக்கூடும். இவ்வளவுக்குப் பின்னும் கறை நின்றால் தூசி உள்ளே உள்ளதென்க. வாரண்டிக் காலமாயின் கம்பெனியின் சேவை நிலையத்துக்கே செல்வது நலம். கண்டவர் கையில் கொடுத்துத் திறந்தால், நீர் புகாமல் காக்கும் ஒட்டு கெடலாம். புதுத் தூசியும் புகலாம்.

நம் வீட்டுக் கைபேசியில் தூசி இருந்தது, முன்புறத்தில் ஒட்டிய கண்ணாடிக்கு அடியில். அதை உரித்துத் துடைத்ததும் கறை அகன்றது. ஒரு காசும் செலவில்லை. அன்றிரவு அன்னையார் பேத்தியின் இரு கன்னங்களையும் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்னரே சமாதானமானார். காரணத்தை விளக்கி, “முடிந்த காசை அவிழ்த்துவிடலாமே, அம்மா” என்றோம்.

“தூசியோ படையோ, நேர்ந்தது நேர்ந்ததுதான்” என்றார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அதைக் கோயிலில் செலுத்த வேண்டும்.