உள்காயமும் காயம்தான்

தோட்டத்துச் சகோதரிகளே!

பால்வெட்டுக் கத்தி கையில் பட்டால் உடனே மருந்து போடுகிறோம். செம்பனை மட்டை விழுந்து தோள் வீங்கினால் கிளினிக்குக்கு ஓடுகிறோம். மனசில் பட்ட வெட்டுக்கு மட்டும், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு" என்று சொல்லிவிடுகிறோம். இது சரியா?

வேலைக்குப் போன லோரி கவிழ்ந்து, பக்கத்தில் இருந்தவள் சாவதைக் கண்ணால் பார்த்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வரும் புருஷனிடம் வருஷக்கணக்காக அடிபட்ட இன்னொரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். லோரிச் சத்தம் கேட்டாலே ஒருத்திக்கு நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி கதவு தட்டினால் மற்றவளுக்குக் கைகால் நடுங்குகிறது. தூக்கம் இல்லை, தூங்கினாலும் அதே கனவு. "பயந்துட்டா" என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம்.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நோயாக இருக்கலாம். அதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மன உளைச்சல் நோய்க்கு மருத்துவ உலகம் 1980-லேயே பெயர் வைத்துவிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது.

"மனசுதானே" என்று விட்டுவிடாதீர்கள். ஆபத்து வந்தால் உடம்பு அபாய மணி அடிக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஆபத்து நீங்கியதும் மணி நிற்க வேண்டும். இந்த நோயில் அது நிற்பதில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 50,000 தாதியரை 20 ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்த நோயின் அறிகுறிகள் அதிகம் இருந்த பெண்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. இனிப்புநீர் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

ஆகவே, கிளினிக்கில் பிரஷர் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். "டாக்டர், எனக்கு இப்படி நடந்துச்சு, அன்னையிலிருந்து தூக்கமே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சு வழிச் சிகிச்சையும் மருந்தும் உண்டு, குணமடைந்தவர்கள் பலர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் அடி விழுகிறதா? 15999 என்ற 'தாலியான் காசே' எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம்.

ஆண்களே, "நடிக்கிறா" என்று ஏசாதீர்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பக் கிளறியும் கேட்காதீர்கள். கிளினிக்குக்குக் கூடப் போய் உட்காருங்கள், அது போதும்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் எலும்பு முறிந்தவர்களைக் கணக்கெடுத்து சொக்சோ பாரம் நிரப்புகிறோம். நல்லதுதான். ஒரு மாதம் கழித்து அந்த வீடுகளுக்கு மீண்டும் போய், "ராத்திரி தூங்குறியாம்மா?" என்று கேட்டோமா? அந்தக் கேள்வியும் சங்க வேலைதான்.