எங்கள் ஊர் வழியூர் அன்று!

பத்தாம் வகுப்பு மாணவி

வந்தாரை வாழவைக்கும் நாடு தமிழ்நாடு என்பர் பெரியோர். ஆனால் வந்தவர் சற்றேனும் தங்கினால் அல்லவா நாம் அவரை உபசரிக்க முடியும்? புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் செல்வோரும், சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் செல்வோரும் நாள்தோறும் எங்கள் கடலூரைக் கடந்து போகிறார்கள். பேருந்து ஐந்து நிமிடம் நிற்கிறது. சன்னல் வழியே கையை நீட்டி வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்குகிறார்கள். "இது எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள். "கடலூர்" என்று பதில் வருவதற்குள் வண்டி புறப்பட்டு விடுகிறது!

அவர்களையாவது மன்னிக்கலாம், அவர்கள் வெளியூரார். "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று விருந்தாளிகள் கேட்கும்போது, "இங்கே என்ன இருக்கிறது? சாயங்காலம் பீச்சுக்குப் போகலாம். வேண்டுமானால் சிதம்பரம் போய் வாருங்கள்" என்று சொல்பவர்கள் யார்? கடலூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்! தம் வீட்டுச் செல்வத்தைத் தாமே அறியாதவர் பிறருக்கு எதைக் காட்ட முடியும்?

ஆகவே எங்கள் கருத்தை இங்கே துணிந்து கூறுகிறோம். கடலூரும் சிதம்பரமும் ஓடுகிற வண்டியிலிருந்து பார்க்கும் ஊர்கள் அல்ல. இரண்டு நாள் தங்கி, கால் நடந்து, நின்று, கேட்டுப் பார்க்க வேண்டிய ஊர்கள். பொற்கூரையை மட்டும் கண்டுவிட்டுத் திரும்புகிறவர் பாதியைக்கூடக் காணாதவரே.

முதல் நாளைக் கடலூருக்குக் கொடுங்கள். கெடிலம், பெண்ணையாறு, பரவனாறு, உப்பனாறு ஆகியவை கடலோடு கூடும் இடமாதலால் கூடலூர் என்றிருந்து கடலூர் ஆயிற்று என்பர். இரயிலில் வருவோருக்கு ஓர் எச்சரிக்கை! எங்கள் ஊர் ஒன்றல்ல, இரண்டு. துறைமுகம் உள்ள பழைய ஊர் முதுநகர்; அதை ஓ.டி. என்போம். மஞ்சக்குப்பமும் திருப்பாதிரிப்புலியூரும் சேர்ந்தது புதுநகர், அது என்.டி. முதுநகரில் கடலூர் துறைமுகம் சந்திப்பு; புதுநகரில் திருப்பாதிரிப்புலியூர் நிலையம். "கடலூர் வந்துவிட்டதா?" என்று கேட்டால் போதாது, "எந்தக் கடலூர்?" என்றும் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இறங்கியதும் காலை வெயில் ஏறுமுன் தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலக் கரையில் இருக்கும் புனித டேவிட் கோட்டைக்குப் போங்கள். கோட்டை என்றதும் செஞ்சியைப் போலவோ வேலூரைப் போலவோ எதிர்பார்த்துச் சென்றால் ஏமாந்து போவீர்கள். இடிந்த சுவர்களும் புதரும்தான் மிச்சம். ஆயினும் அந்தச் செங்கற்களுக்கு அருகில் நின்று இந்தக் கதையை நினைத்துப் பாருங்கள். 1690-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். அப்போது சென்னையில் ஆளுநராக இருந்தவர் எலைஹு யேல். அமெரிக்காவின் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை! அப்படியே சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாயின. அவற்றைக் 'குண்டு கிராமங்கள்' என்றார்கள். அன்று வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்களை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஓர் அரசருக்குக் குடிகளாக எழுந்தவர்கள் மாலையில் ஒரு வியாபாரக் கம்பெனிக்குக் குடிகளாகத் தூங்கப் போனார்கள்!

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்துக்கொண்டபோது, ஆங்கிலேயருக்குத் தென்னிந்தியத் தலைமையிடமாக விளங்கியது இக்கோட்டையே. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1756-இல் இதன் ஆளுநராக வந்தவர் இராபர்ட் கிளைவ். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். பாடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்களின் ஆண்டுகளைச் சிரமப்பட்டு மனப்பாடம் செய்கிறோமே, தோழியரே! அந்தப் போர்களில் ஒரு பகுதி நடந்த இடம் நம் ஊரின் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முறை நேரில் போய்ப் பார்த்தால் ஆண்டுகள் தாமாகவே மனத்தில் நிற்கும்.

குண்டு போட்டு வாங்கப்பட்ட ஊர் என்றும் அடங்கியே கிடந்ததா? இல்லை! முதுநகரில் 1890-இல் பிறந்தவர் அஞ்சலை அம்மாள். 1927-இல் சென்னையில் கர்னல் நீலின் சிலையை அகற்றக் கோரி நடந்த அறப்போரில் தம் சிறு மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டு சிறை சென்றவர். 'தென்னாட்டின் ஜான்சி ராணி' என்று போற்றப்பட்டவர். 1918 நவம்பரில் மகாகவி பாரதியார் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைது செய்யப்பட்டு வைக்கப்பட்டது கடலூர்ச் சிறையில்தான். முதுநகர்த் தெருக்களில் நடக்கும்போது இவற்றை நினைத்துக்கொண்டு நடங்கள். பழைய வீடுகளும், துறைமுகத்துப் படகுகளும், மீன் கூடை சுமந்து வரும் அம்மாக்களின் குரலும் உங்களுக்கு வேறு விதமாகத் தோன்றும்.

பிற்பகல் நான்கு மணிக்கு மேல் திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலுக்குச் செல்லலாம். பாதிரி மரத்தால் பெயர் பெற்ற ஊர் இது. பல்லவ மன்னன் ஆணையால் கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட திருநாவுக்கரசர் கரையேறியது இவ்வூரில் என்பது வரலாறு. கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இன்றும் இருக்கிறது. இரண்டு தம்ளர் தண்ணீரில் பயப்படுகிறவர்களாகிய எங்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு தைரியம் பிறக்கும்! பொழுது சாயும் நேரத்தில் வெள்ளிக் கடற்கரைக்கு வாருங்கள். நீண்டு பரந்த மணல்; நல்ல காற்று. ஆனால் ஆழத்தில் இறங்கிக் குளிக்க வேண்டாம். அலை அங்கே இழுக்கும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கடற்கரைக் குப்பங்களில் புகுந்து எத்தனையோ குடும்பங்களைச் சிதைத்தது. அங்கே சுண்டல் விற்கும் பெரியவரும் அதைக் கண்டவராக இருக்கலாம். ஆகையால் சிரித்து விளையாடுங்கள். சற்று மரியாதையோடும் இருங்கள்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் சிதம்பரம் புறப்பட வேண்டும். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள்; அதற்குமுன் அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்பதற்காகவே விடியலில் கிளம்பச் சொல்கிறோம். உள்ளே ஓடாதீர்கள்! முதலில் கோபுர வாயிலில் நின்று இருபுறச் சுவர்களையும் பாருங்கள். பரத நாட்டியத்தின் நூற்றெட்டுக் கரணங்களையும் கல்லில் வடித்திருக்கிறார்கள். நடனம் பயிலும் மாணவியருக்கு இதைவிடப் பெரிய பாடநூல் வேறு இல்லை. 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி விழா நடைபெறும் ஊர் இது. பிறகு பொன்னம்பலம். அங்கே ஓர் இடத்தில் நின்றால் நடராசரையும் கோவிந்தராசப் பெருமாளையும் ஒருங்கே காணலாம். 'சிதம்பர இரகசியம்' என்கிறார்களே, அது என்ன? திரையை விலக்கினால் உருவம் எதுவும் இல்லை. பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெற்றிடமே இருக்கிறது. எச்சமயத்தவரும் இங்கே நின்று ஒரு கணம் சிந்திக்கலாம்.

கோயிலை விட்டு வெளியே வந்தவர்கள் பெரும்பாலும் அப்படியே ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். நாங்கள் சொல்வது, இன்னும் சற்று நடந்து ஓமக்குளம் பக்கம் போய் வாருங்கள் என்பதே. நந்தனார் கதை எல்லாருக்கும் தெரியும். தில்லையைக் காண வேண்டும் என்று ஏங்கி, "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே 'திருநாளைப்போவார்' எனப் பெயர் பெற்றவர் அவர். தீயில் மூழ்கி எழுந்த பின்பே அவர் திருக்கோயிலுக்குள் சென்றார் என்று பெரியபுராணம் கூறும். அக்கதையைக் கேட்கும்போது எங்கள் நெஞ்சு பதறுகிறது. பிறப்பின் பெயரால் ஒருவரை வாசலில் நிறுத்துவது எந்தக் காலத்திலும் நியாயம் ஆகுமா? அதே சிதம்பரத்தில் 1916-இல் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அந்த வாசலில் நுழைய எந்தத் தீயிலும் மூழ்க வேண்டியதில்லை; ஒரு சிலேட்டு இருந்தால் போதும்! கோபுரத்தைப் பார்த்து வியந்தவர்கள் இந்தப் பள்ளியின் வாசலையும் பார்த்துச் செல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

பசி வந்திருக்கும். சிதம்பரம் வந்து கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிடாமல் போனால் பயணம் நிறைவு பெறாது. இட்டலியோடும் சாப்பிடலாம், சம்பா சாதத்தோடும் சாப்பிடலாம். அதன் பின் பிச்சாவரம் செல்லும் சாலையைப் பிடியுங்கள். வழியில் கிள்ளை என்ற ஊர். மாசி மகத்தன்று திருமுட்டம் பூவராகப் பெருமாள் இங்கே கடலாட வரும்போது, தைக்கால் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியப் பெருமக்கள் மாலை மரியாதையோடு வரவேற்பார்கள். சமய ஒற்றுமையைப் பற்றி மேடைகளில் மணிக்கணக்காகப் பேசுகிறோம். கிள்ளை மக்கள் பேசாமல் செய்து காட்டுகிறார்கள்.

பிச்சாவரத்தில் துடுப்புப் படகையே கேளுங்கள். இயந்திரப் படகின் இரைச்சலில் பறவைகள் பறந்துவிடும். துடுப்புப் படகோ சுரபுன்னை மரங்களுக்கிடையே குறுகிய கால்வாய்க்குள் மெதுவாக நுழையும். தலைக்கு மேல் பச்சைப் பந்தல். இருபுறமும் நீரில் ஊன்றி நிற்கும் வேர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் இங்கே இருக்கிறது. அதன் பாலைத் தொட்டுக் கண்ணில் வைத்துவிடாதீர்கள், கண்ணைக் கெடுக்கும். படகோட்டும் அண்ணன்மாரிடம் கேட்டால் எந்த மரம் என்று காட்டுவார்கள். ஆழிப்பேரலை வந்தபோது தம் பின்னால் இருந்த கிராமங்களுக்கு அரணாக நின்று அலையின் வேகத்தைத் தடுத்தவை இந்தச் சதுப்பு மரங்களே. நம்மைக் காத்த மரத்தின் காலடியில் பிளாஸ்டிக் பையை வீசலாமா? உங்களுடைய குப்பையை உங்களோடு கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது நாள் கிடைத்தால் இன்னும் சிறப்பு. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு அணையாமல் இன்றும் ஏழைகளுக்குச் சோறு ஆக்குகிறது. விருத்தாசலம் வட்டத்துக் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் எழுப்பிய ஆலயத்தில் பெரியநாயகி மாதா நம் தாய்மாரைப் போலச் சேலையுடுத்திக் காட்சி தருகிறார். இத்தாலியிலிருந்து வந்தவர் எங்கள் மண்ணில் தங்கியதால் அல்லவா தமிழுக்குத் தேம்பாவணி கிடைத்தது! பண்ருட்டியில் பலாவும் முந்திரியும் வாங்கலாம். 2011 டிசம்பரில் தானே புயல் அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்தது. விவசாயிகள் மீண்டும் கன்று நட்டு வளர்த்தார்கள். விலை பேசும்போது அதையும் நினையுங்கள்.

எப்போது வரலாம்? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மழையும் வெள்ளமும் எங்களுக்கே போதும் போதும் என்றாகிவிடும். தை மாதம் மிக நன்று. தை ஐந்தாம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சுற்றுவட்டாரச் சுவாமிகள் எல்லாம் ஆற்றுக்கு வரும். மணலில் கடை பரப்பிச் சுருளிக் கிழங்கு விற்பார்கள். அன்று ஊரே ஆற்றில்தான் இருக்கும்.

இறுதியாக, எங்கள் தோழியருக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இதில் சொன்ன இடங்களுள் எத்தனையை நாம் நேரில் பார்த்திருக்கிறோம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்போம். கோடை விடுமுறையில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்வதைத் தவறென்று சொல்லவில்லை. அதில் ஒரே ஒரு நாளைச் சொந்த ஊருக்கும் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறோம். யாரும் போய்ப் பார்க்காத கோட்டையை யார் பழுது பார்ப்பார்கள்? யாரும் கேட்காத கதையைத் தாத்தா பாட்டிகள் யாருக்குச் சொல்வார்கள்? இன்று நாம் கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால், நாளை நம் பிள்ளைகளுக்கு இது வெறும் பேருந்து நிற்கும் ஊராகவே இருக்கும். நந்தனார் போக விடப்படாமல் "நாளைப் போவேன்" என்றார். தடுப்பார் ஒருவரும் இல்லாத நாமும் "நாளைப் போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பது அழகா?

அடுத்த முறை வீட்டுக்கு விருந்தினர் வந்து, "உங்கள் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "இரண்டு நாள் தங்குங்கள், நாங்களே கூட வந்து காட்டுகிறோம்" என்று நிமிர்ந்து நின்று சொல்வோம். வாருங்கள், எங்கள் ஊருக்கு!